இருநூற்று நாற்பது லிட்டர் கொசுறு

தவசிலிங்கத்தின் வலது கைக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை அளந்து ஊற்றினாலும், அளந்து முடித்த பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றினால்தான் அந்தக் கை கீழே இறங்கும்.

அது அவர் அப்பாவிடமிருந்து வந்தது. விருதுநகரில் எண்ணெய்க் கடை வைத்திருந்த மனிதர். கால் லிட்டர் நல்லெண்ணெய்க்கு வந்தவர்களிடம் அரை மணி நேரம் வாயாடுவார், பத்துப் பைசா இறங்க மாட்டார். வந்தவர் சலித்துப்போய்ப் பாத்திரத்தை நீட்டியதும், அளவுக் குவளையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை வடியவிட்டு, அதற்கும் மேலே கேட்காமலே ஒரு கரண்டி ஊற்றுவார். "விலையில நான் வியாபாரி. கொசுறுல நான் மனுசன்" என்பது அவர் பேச்சு. இன்னொன்றும் சொல்வார்: "கொசுறு போடுறதை வாயைத் திறந்து சொல்லிராத. சொன்னா அது விலையோட சேர்ந்துரும்."

நாற்பது வருடம் கழித்து அதே கைப்பழக்கத்தோடு தவசிலிங்கம் உவர்த்திடல் விமானத்தளத்தில் நாலாம் மேடையின் எரிபொருள் தலைவராக நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் உப்பளம். நடுவில் ஓடுபாதை. மேடைக்கு மூன்றாக நான்கு மேடைகளில் பன்னிரண்டு கனரகக் குண்டுவீச்சு விமானங்கள்.

இந்தக் காலத்தில் யார் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு குண்டு போடப் போவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். போர் தொடங்கிய முதல் வாரத்திலேயே இரு தரப்பும் ஒருவர் செயற்கைக்கோளை மற்றவர் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். வழி சொல்ல ஆளில்லாமல் ஆளில்லா விமானங்கள் கடல்மேல் சுற்றிச் சுற்றி விழுந்தன. அப்புறம்தான் தலைமையகத்துக்கு மனிதக் கண்ணின் அருமை தெரிந்தது. நான்கு எஞ்சின், பெரிய வயிறு, உள்ளே ஏழு உயிர். பழைய உருவத்தில் புதிதாகச் செய்து இறக்கினார்கள். நாற்பது நாளில் தளம் ஒன்பது விமானங்களை இழந்திருந்தது. இழக்க இழக்க, புது விமானமும் புது ஆட்களும் லாரியில் சரக்கு வருவதுபோல வந்து சேர்ந்தார்கள்.

எந்த விமானத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை ஒரு இயந்திரம் தீர்மானித்தது. அதற்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு. தளத்தில் எல்லோரும் கணக்குப்பிள்ளை என்றார்கள். எரிபொருளில் குறைகிற ஒவ்வொரு கிலோவும் குண்டில் ஏறும் என்பதால், போய்த் திரும்ப எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேல் சில நிமிடங்களுக்கு மட்டும் கொடுக்கும். போய் வந்த விமானங்களைப் பார்த்துப் பார்த்துத் தன் அளவைத் தானே திருத்திக்கொள்ளும்.

கணக்குப்பிள்ளைக்குத் தெரியாத ஒரே விஷயம் தவசிலிங்கத்தின் கை.

டேங்கரிலிருந்து விமானத்துக்குப் போகிற குழாய் முப்பது மீட்டர் நீளம். முதலில் குழாயை நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அந்த எண்ணெய் விமானத்தின் கணக்கில் ஏறாது. பிறகு மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, சொன்ன அளவை ஏற்ற வேண்டும். முடிந்ததும் குழாயில் நிற்பதை டேங்கருக்கே திருப்பி உறிஞ்ச வேண்டும். மற்ற மேடைகளில் அப்படித்தான் செய்தார்கள். தவசிலிங்கம் மட்டும் குழாயைத் தோளில் தூக்கி, டேங்கர் முனையிலிருந்து விமானத்தின் இறக்கை வரை அடி அடியாக நடந்துபோவார். குழாயில் நின்றதெல்லாம் இறக்கைக்குள் இறங்கும். இருநூற்று நாற்பது லிட்டர். இருபது நிமிடப் பறப்பு. தாளில் 'குழாய்ச் சேதாரம்' என்று எழுதிவிடுவார். விமானத்துக்குள் இருக்கும் அளவுமுள் முன்னூறு லிட்டர் முன்னே பின்னே ஆடும் என்பதால் கணக்குப்பிள்ளை குழாய் மீட்டரைத் தவிர வேறெதையும் நம்பாது.

ஒன்பது இழப்பில் நாலாம் மேடையின் இழப்பு ஒன்றுதான்.

அன்று காலை ஏழு மணிக்குக் கணிப்பு அதிகாரி ரெஹானா கையில் தாளோடு வந்தாள். மேலப்பாளையத்துப் பெண், முப்பது வயது. கணக்குப்பிள்ளை சொல்வதை மேடைகளுக்குக் கொண்டுவருவது அவள் வேலை. தினமும் தவசிலிங்கத்தோடு பத்து இருபது லிட்டருக்குப் பேரம் பேசாமல் அவளுக்கும் டீ இறங்காது.

"அண்ணாச்சி, ஒரு நல்ல சேதி."

"நல்ல சேதின்னு சொல்லிட்டு வர்றவங்க பையில என்ன இருக்குன்னுதான் முதல்ல பாக்கணும். சொல்லுங்க மேடம்."

"கணக்குப்பிள்ளை உங்க மேடையப் பாராட்டியிருக்கு."

"அது வாயத் திறந்து யாரையும் பாராட்டாதே. என்ன கேக்குதாம்?"

ரெஹானா சிரித்தாள். "பன்னெண்டு விமானத்துக்கும் ஒரே அளவுதான் கொடுக்கோம். மத்த மேடை விமானங்க திரும்பி இறங்கினதும் வடிச்சு அளந்தா ஆறு நிமிஷம், ஏழு நிமிஷத்துக்குத்தான் மிச்சம் இருக்கு. உங்க மூணும் இருபத்தாறு, இருபத்தேழுன்னு இறங்குது. ஏன்?"

தவசிலிங்கம் காதைக் குடைந்துகொண்டார். "நம்ம பைலட்டுங்க கெட்டிக்காரப் பயலுக."

"அதையேதான் அதுவும் சொல்லுது! உங்க ஆளுங்க எந்த உயரத்துல போறாங்க, எங்க எஞ்சினைத் தணிக்காங்கன்னு பார்த்து, 'நாலாம் மேடை முறை'ன்னு எழுதிருச்சு. இன்னைக்கு எல்லாரும் அப்படித்தான் பறக்கணும். பறந்தா விமானத்துக்கு இருநூத்தி நாப்பது லிட்டர் மிச்சம். இன்னொரு குண்டு ஏத்தலாம். பன்னெண்டுக்கும் குறைச்சாச்சு."

இருநூற்று நாற்பது. அந்த எண் உலகத்தில் தன் ஒருவனுக்குத்தான் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார். கொசுறைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. திறக்காமலே அது விலையோடு சேர்ந்துவிட்டது.

அவருடைய மூன்று விமானங்களுக்கு ஒன்றும் ஆகாது. குறைந்ததைக் குழாய் ஈடுகட்டிவிடும். மற்ற ஒன்பது? ஆறு நிமிட மிச்சத்தில் வருகிறவற்றிடம் இருபது நிமிடத்தைப் பிடுங்கினால் கரைக்கு எப்படி வரும்? அந்த ஒன்பதில் முதல் மேடையில் நிற்கும் ஒன்றில்தான் அவருடைய மகள் பொன்மாரி வழிகாட்டியாகப் போகிறாள். சொந்தக்காரர் பறக்கும் விமானத்தை ஒருவர் தொடக்கூடாது என்பது தளத்தின் சட்டம். அதனால் நாற்பது நாளும் ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் ஊற்றினாரே தவிர, பெற்ற பிள்ளைக்கு ஒரு சொட்டு கொசுறு போட்டதில்லை.

சொல்ல வேண்டியது ஒரே வரிதான். 'மேடம், நான் குழாயைக் கவிழ்த்து ஊத்துறேன், உங்க கணக்கு தப்பு.' நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் கைது. குழாயைப் பிடுங்கிவிடுவார்கள். அவருடைய மூன்று விமானங்களின் இருபத்தோரு பேருக்கும் கொசுறு போய்விடும். அதைவிட உள்ளே ஒரு குரல்: முதலிலேயே உண்மையைச் சொல்லிவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது?

வாயிலிருந்து வந்தது வேறு.

"ஒரு முன்னூறு லிட்டர் கூட்டிக் கொடுங்க மேடம். எல்லா விமானத்துக்கும்."

"முன்னூறா! எதுக்கு?"

"எதிர்க்காத்து. அந்தா பாருங்க, உப்புப் பாத்தியில நுரை பூராவும் மேற்க ஒதுங்கிக் கிடக்கு."

"நுரையப் பார்த்து எண்ணெய் கொடுத்தா என்னைய உப்பளத்துல உப்பு அள்ள விட்டுருவாங்க. அம்பது."

"அம்பது லிட்டர்ல இது ஓடுபாதையக்கூடத் தாண்டாது. இருநூத்தம்பது."

"எழுபத்தஞ்சு."

"உங்க வாப்பா ஜவுளிக்கடைதான? துணி கிழிக்கும்போது நாலு விரக்கடை விட்டுத்தான கிழிப்பாரு?"

"எங்க வாப்பா அளக்கும்போதே துணிய இழுத்துப் பிடிச்சிருப்பாரு, அது உங்களுக்குத் தெரியாது. நூறு."

"இருநூறு. வயசான மனுசன் கேக்கேன்."

"வயசைக் காட்டி வாங்குறதுக்கு இது கல்யாண வீடா? நூத்தி இருபது. இதுக்கு மேல பேசினீங்க, திரும்ப அம்பதுக்குப் போயிருவேன்."

அவள் தாளை மடிக்கத் தொடங்கியிருந்தாள். எதிராளி சரக்கை மடிக்கும்போது முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளதும் போய்விடும். தவசிலிங்கத்துக்கு அது எழுத்தறிவதற்கு முன்பே தெரியும்.

"சரி, நூத்தி இருபது. நீங்க நல்லாருக்கணும்."

அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு கணம் அவருக்குள் பழைய குஷி எட்டிப் பார்த்தது. அவர் வீட்டில் பாதி படிந்தால் அதை வெற்றி என்பார்கள். மீதிப் பாதி, அந்தப் பத்து நிமிடம், காற்று கொஞ்சம் கருணை காட்டினால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆனால் கால் முதல் மேடைக்குத்தான் நடந்தது.

முதல் மேடையின் தலைவர் அந்தோணிப்பிச்சையிடம், "அண்ணே, நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க. இதை நான் பாக்கேன்" என்றார். அந்தோணிப்பிச்சை அவர் முகத்தைப் பார்த்தார். சட்டத்தைப் பேசாமல் டீ குடிக்கப் போனார். மற்ற எட்டு விமானங்களுக்கும் இதைச் செய்யப் பொழுதில்லை என்று தவசிலிங்கம் நினைத்துக்கொண்டார். பொழுது இல்லாமலில்லை. மற்ற மேடைத் தலைவர்களிடமும் வாய் திறக்க வேண்டியிருக்கும், அதற்குத்தான் மனம் இல்லை.

மீட்டர் நின்றது. அவர் குழாயைத் தோளில் ஏற்றி நடக்கத் தொடங்கியபோது இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"யாரு இது? நாலாம் மேடை ராசா எங்க சேரிப்பக்கம் வந்திருக்காரு?"

பொன்மாரி. பறக்கும் உடையில் கைகட்டி நின்றிருந்தாள். பக்கத்தில் பைலட் ஜெரால்டு பர்னாந்து, வேம்பாற்றுக் கடற்காரர் வீட்டுப் பிள்ளை.

"மெதுவா பேசு தாயி."

அவள் குழாயைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் தோளைப் பார்த்தாள். ஐந்து வயதில் தாத்தாவின் எண்ணெய்க் கடைக் கல்லாப்பெட்டி மேல் உட்கார்ந்து இதே கவிழ்ப்பைப் பார்த்த பிள்ளை.

"அப்பா... கொசுறா?"

"சும்மா இரு."

"அப்ப இத்தனை நாளா அந்த மூணும் இதுலதான் திரும்பி வந்துச்சா?" அவள் குரல் இறங்கியது. "இன்னைக்கு எல்லாருக்கும் போட்டீங்களா?"

"உனக்குப் போட்டிருக்கு. போயிட்டு வா."

"மத்தவங்களுக்கு?"

"பேசி வாங்கியிருக்கேன். போதும். வரும்."

அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். முதலாவது எஞ்சின் சுழன்றது. ஜெரால்டு, "மாமா, வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல இறால் சோறு, வந்துருங்க" என்று கத்திவிட்டு ஏணியில் ஏறினான். பொன்மாரி ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

பன்னிரண்டும் எட்டு மணிக்குக் கிளம்பின.

மாலை நாலு மணிக்கு எல்லோரும் ஓடுபாதை ஓரத்தில் நின்று கிழக்கே பார்த்தார்கள். முதலில் வந்தவை நாலாம் மேடையின் மூன்றும். சாவகாசமாக, கடைவீதிக்குப் போய்வந்தவை மாதிரி இறங்கின. பிறகு இன்னொரு மேடையின் விமானம் ஒன்று, எஞ்சின் இரண்டு நின்றுபோய் உப்புப் பாத்தியை உரசிக்கொண்டு வந்து விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. அப்புறம் வானம் சும்மா இருந்தது.

கட்டுப்பாட்டு அறையின் ஒலிபெருக்கியில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. "கலங்கரை விளக்கம் தெரியுது, எண்ணெய் இல்ல." "மூணு நிமிஷம்தான் தூரம், இறங்குறோம், தண்ணியில இறங்குறோம்." ஒவ்வொன்றாக அணைந்தன. ஐந்து விமானங்கள். முப்பத்தைந்து பேர். கரையிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள், கண்ணுக்கு எட்டிய தூரத்தில்.

வானத்தில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"உவர்த்திடல், முதல் மேடை ரெண்டாவது விமானம் பேசுறேன்." பொன்மாரியின் குரல். நிதானமாக இருந்தது. "கீழ ஆளுங்க மிதக்காங்க. அலை பெருசு, படகுல வர்றவங்களுக்குக் கண்ணுல படாது. நாங்க மேல சுத்திக்கிட்டே புகைக்குடுவை போடுறோம். வேம்பாற்றுப் படகுகளை எல்லாம் விடச் சொல்லுங்க. இடம் சொல்றேன், எழுதிக்கோங்க."

கட்டுப்பாட்டு அதிகாரி கத்தினார். "உங்களுக்கு எண்ணெய் இருக்காது! நேரா வாங்க!"

"இருக்கு சார். தாளுல உள்ளதுக்கு மேல இருபது நிமிஷம் இருக்கு. யாரு போட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அது எங்களுக்கு மட்டும் போட்டது இல்ல."

தவசிலிங்கம் ஒலிபெருக்கியை நோக்கி ஓடினார். "அடியே, வந்துரு! வாடி!" ஒலிபெருக்கிக்குக் காது கிடையாது. யாரோ அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜெரால்டின் குரல் வந்தது. "ஏழு பேரும் பேசி முடிவெடுத்தாச்சு சார். தண்ணியில ஆளைப் பார்த்துட்டு விட்டுட்டு வர எங்க பக்கத்துல பழக்கம் இல்ல."

அதன் பிறகு எண்கள்தான். அட்சரேகை, தீர்க்கரேகை, காற்றின் போக்கு. அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். ஒரு படகு ஆளைத் தூக்கியது. இன்னொரு படகு ஐந்து பேரைத் தூக்கியது. ஐந்தாவது இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பாதி எண்ணில் குரல் நின்றது. தாழ்வாக, திரும்புகிற நேரத்தில், நான்கு எஞ்சினும் ஒன்றாக ஓய்ந்ததாம். பிறகு படகுக்காரர்கள் சொன்னார்கள். தண்ணீரில் பட்டதும் உடைந்துவிட்டதாம்.

முப்பத்தைந்தில் முப்பத்தொரு பேரைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஏழு பேரில் யாரும் வரவில்லை.

வெயில் தாழ்ந்து இன்னும் வெளிச்சம் இருந்தபோது ரெஹானா நாலாம் மேடைக்கு வந்தாள். தவசிலிங்கம் டேங்கர் நிழலில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவளும் தரையிலேயே உட்கார்ந்தாள். கையில் தாள்.

"இதைக் காட்ட எனக்கு மனசு வரலை அண்ணாச்சி. ஆனா நாளைக் காலையில நீங்கதான் ஊத்தணும்."

"சொல்லுங்க."

"விழுந்த அஞ்சும் 'நாலாம் மேடை முறை'யைச் சரியா பின்பற்றலைன்னு கணக்குப்பிள்ளை எழுதியிருக்கு. பொன்மாரி விமானம்..." தாளை அடுத்த பக்கம் திருப்பினாள். "அது இருந்த எண்ணெய்க்கு இருபது நிமிஷம் கூடவே பறந்திருக்காம். அதுவும் சுத்திச் சுத்தி. அப்ப இன்னும் சிக்கனமா பறக்க முடியும்னு சொல்லுது. நாளைக்கு எல்லாருக்கும் மேலும் நூறு குறைக்கணுமாம்."

தவசிலிங்கம் எழுந்தார். குழாயை எடுத்தார். டேங்கரைத் திறந்து குழாயை நிரப்பினார். மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். பக்கத்தில் இரண்டு காலி பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"மேடம், மீட்டர் என்ன காட்டுது?"

"பூஜ்யம்."

"பாத்துக்கிட்டே இருங்க."

குழாயைத் தோளில் போட்டு டேங்கர் முனையிலிருந்து அடி அடியாக நடந்தார். முதல் பீப்பாய் நிறைந்தது. இரண்டாவதில் ஐந்தில் ஒரு பங்கு நின்றது. மீட்டர் பூஜ்யத்திலேயே இருந்தது. ரெஹானா பீப்பாய்களைப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.

"நாப்பது நாளாவா?"

"நாப்பது நாளா. மூணு விமானத்துக்கு. இன்னைக்கு நாலுக்கு. கெட்டிக்காரத்தனமும் இல்ல, முறையும் இல்ல. இதான். எழுதிக்கோங்க. என்னைய எங்க கூட்டிட்டுப் போகணுமோ கூட்டிட்டுப் போங்க. அந்த அளவை மட்டும் திருத்திருங்க."

அவள் எழுதவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு, "காலையில ஏன் சொல்லலை அண்ணாச்சி?" என்றாள்.

"விலை பேசும்போது கொள்முதலை யாராவது சொல்லுவாங்களா தாயி?"

ரெஹானா முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"கணக்குப்பிள்ளை எப்பவும் எனக்குன்னு ஒரு எல்லை கொடுக்கும். மேடைக்காரங்க ரொம்பக் கேட்டா அதுவரைக்கும் போகலாம்னு. தாளுல இருக்காது, எனக்கு மட்டும் தெரியும்."

அவர் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"இன்னைக்கு இருநூத்தம்பது."

கிழக்கே உப்பளத்துப் பக்கமிருந்து காற்று அடித்தது. காலையில் சொன்ன எதிர்க்காற்றேதான். பேரத்துக்காக அவர் அதைப் பொய்யாகச் சொல்லியிருந்தார்.

"நீங்க முன்னூறுலயே நின்னிருந்தா அந்த இருநூத்தம்பதையும் கொடுத்திருப்பேன். நான் தாளை மடிச்சது சும்மா. நீங்க நூத்தி இருபதுக்குச் சரின்னதும் உள்ளுக்குள்ள எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு அண்ணாச்சி."

"எனக்கும்தான்" என்றார் தவசிலிங்கம்.

குழாய் முழுக்க வடிந்துவிட்டிருந்தது. அவர் அதை இன்னும் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். கை கீழே இறங்கவில்லை.